கூப்பிடாமல் விட்ட பேர்

தம்பி,

கவிதா நேற்றுச் சாயங்காலம் போன் செய்தாள். நாய்க்குட்டியை வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறாயாம். அவளோடு வேலை பார்க்கும் பெண் ஆசையாகக் கொடுத்த குட்டி, புது வீட்டில் வாசலும் கொல்லையுமாக இடம் கிடக்கிறது, பிறகு என்ன என்று எனக்கும் புரியவில்லை. அவள்தான் சொன்னாள். "ஏன் வேணாங்கறேன்னு கேட்டா, 'நான் நாய் வளக்க லாயக்கு இல்லாதவன், ஒண்ணக் கொன்னது போதும்'ங்கறான் அத்தை..." என்று சொல்லிவிட்டு, சட்டென்று, "ங்கறாங்க அத்தை" என்று திருத்திக்கொண்டாள். நான் திட்டுவேன் என்ற பயம். அந்தப் பயத்தை அவளுக்குக் கொடுத்தவளும் நான்தான். அதைப் பிறகு எழுதுகிறேன்.

போனில் "சரிம்மா, நான் சொல்றேன் அவங்கிட்ட" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அஞ்சாவதோடு நின்ற படிப்பு என்னுடையது. எழுத்துப் பிழையெல்லாம் இருக்கும், பொறுத்துக்கொள். முக்கியமானதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் நடுவில் எனக்குத் தைரியம் போய்விடும். நம் மணியை நீ கொல்லவில்லை. கேட் திறந்து கிடந்ததால் அது சாகவில்லை. நான் கூப்பிடாததால் செத்தது. அப்பாவை எடுத்துக்கொண்டு போன அந்த நாளிலிருந்து இதை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அப்பா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் நீ இதைச் சுமந்து சுமந்து, ஒரு குட்டியை வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடத் தகுதியில்லை என்று நினைக்கிற இடத்துக்கு வந்துவிட்டாய். இனிமேலும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் நான் தாயே இல்லை.

மணி என்று எழுதிவிட்டேன், பார்த்தாயா. உன் அப்பா பேரும் அதுதான். ரேஷன் கார்டில் சுப்பிரமணியன் என்று இருந்தாலும் நம் ஊர் பட்டினத்தில் எல்லோருக்கும் அவர் மணிதான். நான் கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்தப் பேரை வாயால் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று என் அம்மா சொல்லி அனுப்பினாள், நானும் சொல்லாமலே பழகிவிட்டேன். அவருடைய பேரை மட்டுமா விட்டேன்? கடிகாரத்தையும் விட்டேன். "நேரம் என்ன ஆச்சு" என்பேன், "எட்டு அடிச்சாச்சா" என்பேன், அந்த வார்த்தையை மட்டும் தொடமாட்டேன். நீ பள்ளிக்கூடம் போகிற வயசில் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி என்னைச் சீண்டுவாய். "அம்மா, சின்ன முள்ளு எதுல நிக்குது?" என்பாய். "அஞ்சுல." "அஞ்சு... என்னா?" "அஞ்சுதான், போடா." "அஞ்சு என்னான்னு சொன்னாதான் நான் பால் குடிப்பேன்." அப்பா உள்ளே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். "உங்கம்மா வாயில அது வராதுடா, பால் ஆறிப் போயிரும், நீ குடி" என்பார். அவர் சிரித்ததை நான் சிரிப்பாகவே எடுத்துக்கொண்டேன். அதற்குள் ஒரு ஆசை இருந்தது என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

மணிக்குட்டி வீட்டுக்கு வந்தபோது நீ காலேஜில் கடைசி வருஷம், ஆஸ்டலில் இருந்தாய். அதனால் அது எப்படி வந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். கீழவாஞ்சூரில் துறைமுகத்துக்கு வெளியே, நிலக்கரி லாரிகளை எடை போடுகிற இடத்தில் அப்பா வேலை பார்த்தார் இல்லையா, அங்கே டீக்கடை பெஞ்சுக்கு அடியில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. அதில் ஒன்று அப்பா பின்னாலேயே எடைமேடை வரைக்கும் போகும், அவர் திரும்பினால் திரும்பும். டிரைவர்கள் கேலி செய்தார்களாம். "மணி அண்ணே, ஒங்க வாரிசு பின்னாலயே வருது பாருங்க. இது சின்ன மணி." அப்படித்தான் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் சாயங்காலம் சாப்பாட்டுப் பையில் கேரியருக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு வந்து நிற்கிறார். உடம்பெல்லாம் கரித்தூள். கறுப்பு நாய் என்றுதான் நினைத்தேன், கழுவின பிறகு பார்த்தால் செவலை.

"இதுக்கு என்னா பேரு?" என்று கேட்டேன். சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஊர்ல வேற பேரே இல்லையா? அந்தப் பேர வச்சா நான் எப்புடிங்க கூப்புடுவேன்?"

"அதுக்குத்தான் மாத்தாம எடுத்தாந்தேன்" என்றார். "என்னையத்தான் கூப்புட மாட்டே. அதையாச்சும் கூப்புடு, நான் காதாலக் கேட்டுக்கறேன்."

"ஆசையப் பாரு ஆசைய. நாயைக் கூப்புடற சாக்குல புருசனக் கூப்புட்டான்னு தெருவுல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஒருநாளு கூப்புடுவே பாரு" என்றார்.

நான் கூப்பிடவில்லை தம்பி. அது ஒரு பிடிவாதம் போல ஆகிவிட்டது எனக்கு. அவர் கேட்கக் கேட்க, மாட்டேன் என்பதில் ஒரு கௌரவம் வந்துவிட்டது.

அந்தக் குட்டியை வளர்த்ததில் நான் செய்த தப்புகளை எல்லாம் உனக்குச் சொல்கிறேன், நீ அதைச் செய்யாதே. முதல் நாள் அதைக் கொல்லையில் கோணிச்சாக்கு போட்டுக் கட்டிவைத்தேன். கத்தித் தீர்த்தது. ரெண்டு நாள் கத்தினால் தானாகப் பழகிக்கொள்ளும் என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். உன் அப்பா கேட்கவில்லை. அவருடைய பழைய கைலி ஒன்றை உருட்டி அதன் பக்கத்தில் வைத்து, அவரும் அங்கேயே பாயைப் போட்டுப் படுத்துவிட்டார். "தாயி மடியில தூங்கினதும்மா அது. இன்னிக்குத்தான் மொத மொதல்ல தனியாக் கெடக்குது" என்றார். கைலி வாசனையில் அது அடங்கிவிட்டது. அதனால் கவிதாவிடம் சொல், நீ போட்டுக் கழற்றின சட்டை ஒன்றைத் துவைக்காமல் குட்டியின் இடத்தில் போட்டு வைக்கட்டும். கொஞ்ச நாளைக்கு நீங்கள் படுக்கிற அறைக்குப் பக்கத்திலேயே அதற்கு இடம் கொடுங்கள். மனுஷ மூச்சு கேட்டால் அதற்குப் போதும்.

அடுத்தது, வீட்டுக்குள் ஒன்றுக்குப் போனது. நம் ஊரில் எல்லோரும் செய்கிறதையே நானும் செய்தேன். மூக்கைப் பிடித்து அந்த ஈரத்தில் தேய்த்தேன், "ஏய்!" என்று கத்தி விளக்குமாற்றால் ஒரு போடு போட்டேன். அதற்கு அப்புறம் அது கூடத்தில் போவதை விட்டுவிட்டது. நான் கெட்டிக்காரி என்று நினைத்தேன். பிறகு அரிசி மூட்டையை நகர்த்தினால், பின்பக்கம் முழுக்க நாற்றம். உன் அப்பாதான் சொன்னார், "எடம் தப்புன்னு அதுக்கு வெளங்கல. ஒனக்கு முன்னாடி போனாதான் அடி விழுதுன்னு வெளங்கிருக்கு. அதான் ஒளிஞ்சு போவுது." அவர் என்ன செய்தார் தெரியுமா? தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும், தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் முருங்கைமரத்து அடியில் விடுவார். எப்போதும் அதே இடம்தான். அது போகிற வரைக்கும் சும்மா நிற்பார். போய்விட்டால், ஏதோ பரீட்சையில் பாஸானது மாதிரி தட்டிக்கொடுப்பார். கொஞ்ச நாளில் அதுவே கதவுகிட்ட போய் நின்று அவரைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தது. உள்ளே போய்விட்டால் சத்தம் போடாமல் துடைத்துவிடுங்கள். வாசனை நிற்காமல் துடைக்க வேண்டும், நின்றால் அதையே இடம் என்று நினைத்துக்கொள்ளும்.

பல் முளைக்கிற காலத்தில் கண்டதையும் கடிக்கும். கவிதாவின் செருப்பைக் கடித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம், செருப்பை மேலே வைத்துக்கொள்ளுங்கள். பழைய செருப்புதானே என்று ஒன்றை விளையாடக் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்தேன். பழசு எது புதுசு எது என்று அதற்கு எப்படித் தெரியும்? உன் மாமா தீபாவளிக்கு வந்தபோது அவருடைய புதுச் செருப்பு போயிற்று. பழைய துண்டு ஒன்றை முடிச்சுப் போட்டு நனைத்துக் கொடுத்தால் ஈறுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், மணிக்குட்டி அதைத்தான் நாள் முழுக்கக் கடிக்கும். கையைக் கடித்தால் வெடுக்கென்று இழுக்காதே, இழுத்தால் விளையாட்டு என்று நினைக்கும். கையை அசையாமல் வைத்துக்கொண்டு துண்டை நீட்டு. மாட்டுப் பால் நிறைய ஊற்றாதீர்கள், வயிறு போகும். மத்தி மீனை உப்பு காரம் இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, சோற்றில் பிசைந்து கொடுத்தால் உடம்பு தேறும். கோழி எலும்பு வேண்டாம். மாட்டாஸ்பத்திரியில் ஊசியெல்லாம் போட்டு முடிகிறவரை தெருநாய்கள் நடமாடுகிற பக்கம் இறக்கி விடாதே. இதெல்லாம் அங்கே டாக்டரே சொல்வார், அவரிடம் கேட்டுக்கொள். டாக்டர் சொல்லாத ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கூப்பிடுகிற வார்த்தை. அப்பாவுக்கு அது மணி. உனக்கு மணி. தெருவுக்கே மணி. எனக்கு மட்டும் அது ஒன்றுமில்லை. சோறு வைக்கும்போது தட்டைத் தரையில் தட்டுவேன், வந்துவிடும். விரட்ட வேண்டும் என்றால் "ஏய்" என்பேன். கோலத்தை மிதிக்க வந்தால் ஏய், காயவைத்த கருவாட்டுப் பக்கம் போனால் ஏய், விளக்குமாற்றைக் கையில் எடுத்தாலும் ஏய். அந்தச் சத்தம் கேட்டால் என்னை விட்டு எட்ட ஓட வேண்டும் என்று அது நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தது. அப்பாதான் ஒருதடவை சொன்னார். "புள்ள, நீ அதுக்கு ஓடறதுக்கு மட்டும் வார்த்த குடுத்துருக்க. வர்றதுக்கு ஒண்ணும் குடுக்கல." நான் உடனே, "எனக்கு அது வரவே வேணாம், போனாலே போதும்" என்றேன். அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அப்பாவும் ஒரு தப்பு செய்தார். செத்தவரைக் குறை சொல்வதாக நினைக்காதே. தினம் சாயங்காலம் தெரிந்த டிரைவர் லாரியில் ஏறி வந்து தெருமுனையில் இறங்குவாரா, கையில் டீக்கடைப் பொறை ரொட்டி இருக்கும். லாரி பிரேக் போடுகிற சத்தம் கேட்டாலே மணி வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடும். ரோட்டில் கால் வைக்கப் போகும்போது அப்பா லாரி மேலேயிருந்தே, "மணி, நில்லு" என்பார். அப்படியே பூமியில் முளைத்தது மாதிரி நிற்கும். இறங்கி வந்து பொறையைக் கொடுப்பார். லாரி என்றால் அப்பா, லாரி என்றால் பொறை, அதற்கு அவ்வளவுதான் தெரியும். நிற்கச் சொல்ல அவர் இருக்கிற வரைக்கும் அது ஆபத்து என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

நீ கவிதாவைக் கட்டிக்கொண்டு வந்தாய். வந்த முதல் வாரமே அவள் கூடத்தில் நின்று உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள், அதோடு ஒரு 'டா'வும் போட்டாள். நான் அடுப்படியிலிருந்து வந்து, "இந்தாம்மா, பட்டினத்துல புருசனப் பேரு சொல்லிக் கூப்புடற வழக்கம் கெடையாது. ஒங்கூட்ல எப்புடியோ எனக்குத் தெரியாது" என்றேன். அந்தப் பெண் முகம் சுண்டிப் போய்விட்டது. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "கூப்புடட்டும் விடு. கூப்புடக் கேட்டவன் குடுத்து வச்சவன்" என்றார். அது என்னைக் குத்துகிற பேச்சு என்று நினைத்து ரெண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை நான். அவர் குத்தவில்லை தம்பி. கேட்டார், அவ்வளவுதான்.

இனி அந்த நாளை எழுத வேண்டும். அப்பாவுக்கு வேலையில் இருக்கும்போதே நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. மறுநாள் எடுத்தோம். வீடு முழுக்க ஆள். மாமா உன்னிடம், "நாயக் கொல்லப் பக்கம் போட்டு அடைச்சு வைடா" என்றார். நீதான் அதைக் கூட்டிக்கொண்டு போய் அடைத்துவிட்டு வந்தாய், நான் பார்த்தேன். தாழ்ப்பாள் போட்டாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அந்த வழியாகத் தண்ணீர்க் குடம் போயிற்று, நாற்காலி வந்தது, சமையல் பாத்திரம் போயிற்று. எத்தனையோ பேர் திறந்தார்கள், சாத்தினார்கள். அதில் உன்னை மட்டும் எப்படிச் சொல்வது? பிறகு வெடி போட்டார்கள். வெடிச் சத்தத்துக்கு மணி பயப்படும் என்று உனக்குத் தெரியும். பயந்து கேட்டை முட்டி வெளியே வந்திருக்கிறது.

நீ கொள்ளிச்சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் போனாய். பொம்பளைகள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். அங்கே மெயின்ரோட்டில் கரி லாரி ஒன்று, சாவுக்கு மரியாதையாக ஓரம் கட்டி நின்றிருந்தது. அப்பாவுக்குத் தெரிந்த டிரைவர்தான், கீழே இறங்கிக் கும்பிட்டுவிட்டு ஏறினார். நீங்கள் வளைவில் திரும்பிய பிறகு வண்டியைக் கிளப்பினார். அப்போதுதான் மணி என் காலை உரசிக்கொண்டு போனது. அப்பா போன பக்கம் கொஞ்ச தூரம் ஓடியது. லாரிச் சத்தம் கேட்டதும் நின்றது. அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் லாரி. அதற்கு ஒன்றும் புரியவில்லை போலிருக்கிறது. ரோட்டு ஓரத்தில் நின்று திரும்பி எங்களைப் பார்த்தது. கூட்டத்தை அல்ல, என்னைப் பார்த்தது.

மணி என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் வந்திருக்கும். வராவிட்டாலும் நின்றிருக்கும். எனக்குத் தெரியும், அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. சுற்றி அத்தனை பொம்பளைகள். அவரை அப்போதுதான் தூக்கிக்கொண்டு போகிறார்கள். உயிரோடு இருந்தபோது சொல்லாத பேரைப் பிணம் போன தெருவில் நின்று கத்தினால் என்ன நினைப்பார்கள் என்று ஓடியது புத்தி. அதுகூட முழுசாக ஓடவில்லை, வாய் பழகிய வார்த்தையைச் சொல்லிவிட்டது. "ஏய்!" என்று கத்தினேன். கையை நீட்டிக்கொண்டு, "ஏய்! ஏய்!" என்று கத்தினேன்.

என்னைவிட்டு எட்ட ஓட வேண்டும் என்று அதற்கு நான்தானே சொல்லிக்கொடுத்திருந்தேன். நான் சொன்னதைத்தான் அது கேட்டது தம்பி. வாலைக் கவட்டுக்குள் வைத்துக்கொண்டு ரோட்டுக்குள் ஓடியது.

பிரேக் சத்தம் உனக்கும் கேட்டிருக்கும். சட்டி பிடித்தவன் நிற்கக்கூடாது, திரும்பக்கூடாது என்று மாமா சொல்லியிருந்தார், நீ திரும்பவில்லை. டிரைவர் இறங்கி வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "அக்கா, மணி அண்ணன் நாயிக்கா... நான் பாக்கலக்கா, சத்தியமாப் பாக்கல." நான் ரோட்டில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் எடுத்து வைத்தேன். அப்போது கூப்பிட்டேன். மணி, மணி, மணி என்று கூப்பிட்டேன். முதல் தடவைக்கு அதன் காது நிமிர்ந்தது. என் குரலில் அந்தப் பேரை அது கேட்டதே இல்லை, இருந்தாலும் நிமிர்ந்தது. அவ்வளவுதான். பக்கத்து வீட்டுச் சாந்தா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பாவம், அண்ணன் பேரச் சொல்லி அழுவுது அக்கா" என்று மற்றவர்களிடம் சொன்னாள். நான் யாரைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. கேட்க ஆசைப்பட்டவர் வளைவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

நீ திரும்பி வந்து, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு நின்று கேட்டாய். "மணி எங்கம்மா?" நான் சொன்னேன், "கொல்லக் கேட்டு தொறந்து கெடந்துச்சு." அது பொய் இல்லை. ஆனால் பொய்யைவிட மோசம். நீ நேராக அந்தக் கேட்டுக்குப் போய்த் தாழ்ப்பாளை இழுத்தாய், போட்டாய், மறுபடி இழுத்தாய். மொட்டைத் தலையோடு அதை ஆட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாய். நான் அடுப்படி சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதே வந்து, "டேய், நாந்தான்டா" என்று சொல்லியிருக்க வேண்டும். அப்பா போன துக்கம் ஒன்று உன் தலையில் இருக்கும்போது இதையும் ஏற்றிவிட்டு, நான் புருசன் செத்தவள் என்ற முக்காட்டுக்குள் ஒளிந்துகொண்டேன். எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். உனக்கு அந்தத் தாழ்ப்பாளைத் தவிர யாரும் இல்லை.

இதைப் படித்துவிட்டு உனக்கு என்மேல் கோபம் வந்தால் வரட்டும். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள். அந்தக் குட்டிமேல் மட்டும் அதைக் காட்டாதே. உன் அப்பா கை பட்ட நாயை நீ எப்படி வைத்திருந்தாய் என்று நான் பார்த்திருக்கிறேன். லீவுக்கு வந்தால் பையை இறக்கி வைக்குமுன்னே அதன் காதைத்தான் தடவுவாய். நீ லாயக்கு இல்லை என்றால் வேறு யார் லாயக்கு?

குட்டிக்குக் கேட் பழக்கம் கொடு. இதை அப்பா செய்யவில்லை, நீ செய். கேட்டைத் திறக்குமுன் அதை உட்காரச் சொல். உட்கார்ந்தால்தான் திறக்க வேண்டும், எழுந்தால் திரும்ப மூட வேண்டும். அவசரம் என்று ஒருநாள் நீ விட்டுவிட்டால் அது ஒருநாளைக்கு அல்ல, எல்லா நாளைக்கும் விட்டதாக எடுத்துக்கொள்ளும். நீயும் கவிதாவும் ஒரே வார்த்தையைச் சொல்லுங்கள். நீ நில்லு என்று, அவள் வேறு என்னமோ சொன்னால் அது யார் பேச்சைக் கேட்கும்? பேரைச் சொல்லித் திட்டாதே, பேரைச் சொல்லி அடிக்காதே. குளிப்பாட்ட வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும் என்றால் நீயே போய்த் தூக்கிக்கொண்டு வா, கூப்பிட்டு வரவழைத்துச் செய்யாதே. பேர் கேட்டு ஓடி வந்தால் எப்போதும் நல்லதுதான் கிடைக்க வேண்டும், ஒரு வாய்ச் சோறோ, ஒரு தட்டலோ. அப்போதுதான் ரோட்டு ஓரத்தில் நின்று திரும்பிப் பார்க்கும்போது அது வரும். கவிதா உன்னைப் பேர் சொல்லியே கூப்பிடட்டும். நான் சொன்னேன் என்று சொல். அந்தப் பெண் இனிமேல் என் முன்னால் வார்த்தையைத் திருத்திக்கொள்ள வேண்டாம்.

குட்டிக்கு இன்னும் பேர் வைக்கவில்லை என்று கவிதா போனில் சொன்னாள். "மணின்னு வைக்கலாம்னு எனக்கு ஆசை அத்தை, ஆனா ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ல" என்றாள். போன வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். சாந்தா கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்தாள். நான் கோலமாவு டப்பாவை மூடிக்கொண்டே, "சாந்தா, மணி என்ன ஆவுது?" என்று கேட்டேன். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஆறு ஆவுதுக்கா" என்றாள். அவள் போன பிறகு ஆளில்லாத கூடத்தில் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். தொண்டையில் முள் மாதிரி இல்லை. சாதாரண வார்த்தைதான் தம்பி. இவ்வளவு சின்ன வார்த்தையா என்று இருந்தது.

அதனால் நீ என்ன பேர் வேண்டுமானாலும் வை, என்னை நினைத்து மாற்றாதே. மணி என்றே வைத்தாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பாண்டிச்சேரி பஸ் ஏறுகிறேன். அதுவரைக்கும் அந்தக் குட்டி உன் வீட்டில் இருக்க வேண்டும். வருகிற வழியில் பொறை வாங்கிக்கொண்டு வருவேன். பஸ் ஸ்டாண்டுக்கு வராதே, வழி கேட்டு வந்துவிடுவேன். கேட்டைத் தாழ் போட்டே வை. நான் வெளியே நின்று அதன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன், தெருவே கேட்கட்டும். முதலில் குட்டி ஓடி வருகிறதா, நீ வருகிறாயா, பார்ப்போம்.

அம்மா